மயிலைக்கு எஃப்.சி. வாங்கிய கதை

1. முதல் நாள்

வில்லியனூர் மெயின் ரோட்டில் கபிரியேல் தம்பியின் ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு வண்டியைப் பளபளவென்று கழுவி வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நேராகக் குனிந்து அடியில் பார்த்தார்.

“அக்கா, மூஞ்ச மட்டும் கழுவிட்ட. கால யாரு கழுவுறது?”

நான் மறுபடியும் ஹோஸைக் கையில் எடுத்தேன்.

என் பெயர் அஞ்சலை. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் நாற்று நடவு, களை எடுப்பு, கரும்புக்கு மண் அணைப்பது என்று காலம் போனது. சேற்றில் நின்று நின்று கால் பழகியிருந்ததால் வாட்டர் வாஷ் வேலை எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. பேசுவதுதான் கஷ்டம். புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு எழும்பாது. கபிரியேல் தம்பிக்கு அது சீக்கிரமே புரிந்துவிட்டது. என்னிடம் எதையாவது கேட்டுவிட்டு, நான் தலையாட்டுகிற விதத்தை வைத்தே பதிலைத் தெரிந்துகொள்வார்.

இப்போது இந்த வேலைக்குப் பெண்கள் நிறைய வருகிறார்கள். நான் பார்த்ததில் சிலதைச் சொன்னால் அவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

2. அடியில் தெரிவது

எஃப்.சி. என்றால் இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று பார்த்துக் கொடுக்கும் சான்று. வாடகை வண்டிக்கு அடிக்கடி காட்ட வேண்டும். சொந்த வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியும்போது காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிப்பார்கள். தேறாவிட்டால் சரி செய்துகொண்டு திரும்பப் போகலாம். சரியே செய்ய முடியாத வண்டி உடைக்கிற கடைக்குப் போகும்.

ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டிகள்தான் எங்களிடம் அதிகம் வரும். குடும்பத்துக்கு ஓடின வண்டிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நோய்ப்படும். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பூத்துப் போயிருக்கும். வைப்பர் ரப்பர் காய்ந்து கருவாடாக இருக்கும். சைலன்சர் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும். வாய்க்கால் கரை ரோட்டிலும் வேகத்தடையிலும் குதித்துக் குதித்து, முன் வீல் பக்கம் குலுக்கலைத் தாங்குகிற ரப்பர் புஷ் எல்லாம் வெடித்திருக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கிற பால் ஜாயின்ட் ஆடும்.

ஹேண்ட்பிரேக் எங்கள் பக்கத்து வண்டிகளில் பிடிக்கவே பிடிக்காது. பாகூர் பக்கம், வில்லியனூர் பக்கம் எங்கே மேடு இருக்கிறது? நிறுத்தினால் நிறுத்தின இடத்தில் வண்டி நிற்கும். மிஞ்சிப்போனால் டயருக்கு அடியில் ஒரு கல்லைத் தள்ளிவிட்டுப் போவார்கள். வருடக்கணக்கில் இழுக்காத கேபிள் துருவேறிப் போயிருக்கும். எஃப்.சி.யில் சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடச் சொல்லும்போது வண்டி மெதுவாகப் பின்னால் கிளம்பும்.

அப்புறம் எலி. நெல்லும் கரும்பும் இருக்கிற ஊரில் பானெட் திறந்தால் எலிக்கூடு இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நெற்கதிரைக் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒயரை அது சும்மா விடாது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடின வண்டியும் எங்களிடம் வந்தது.

கழுவுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடிப்பக்கம் நன்றாகத் தண்ணீர் அடித்து வண்டியை வெயிலில் நிறுத்துங்கள். எல்லாம் காய்ந்த பிறகும் எந்த இடம் ஈரமாக இருக்கிறதோ அங்கே ஆயில் ஒழுகுகிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது என் வழக்கம். வாயைத் திறக்க வேண்டிய வேலை இல்லை. மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

3. மயிலை வந்தாள்

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வண்டி உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் குருவிநத்தத்தில் கரும்பு வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி. பக்கத்து சீட்டில் அவர் மனைவி சரோஜா. அந்த அம்மாவுக்கு முட்டி வலி. கதவுக்குக் கீழே தாழ்வாக ஓர் இரும்புப் படி வெல்டிங் வைத்திருந்தது. அதில் கால் வைத்து, கதவைப் பிடித்து, அப்பாடா என்று இறங்கினார்.

“மயிலைக்கு வயசாயிடுச்சி தம்பி. எஃப்.சி. காட்டணும்,” என்றார் தட்சிணாமூர்த்தி.

கபிரியேல் தம்பி, “யாருக்கு?” என்றார்.

“வண்டிக்குத்தாம்பா. எங்கூட்டுல மயிலைக் காளை ஒண்ணு இருந்துச்சி. அத வித்த வருஷம் அரியூர்ல ஒரு டாக்டர்கிட்ட இத வாங்கனன். ரெண்டு வருஷம்தான் ஓடியிருந்துச்சி. நெறமும் அதே நெறம். அதே பேர வெச்சிட்டன்.”

“காளை பேரத்தான் வெச்சாரு,” என்றார் சரோஜா அம்மா. “பேசறப்ப ‘அவ’ன்னுதான் பேசுவாரு. வூட்டுல என்னைய ஒருநாளும் அப்படி விசாரிச்சது இல்ல.”

ஆர்.சி. தேதி அந்த வாரத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் அவர்கள் மகள் மலருக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம். வளையல் அடுக்கி முடித்ததும் கையோடு தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும்.

“அன்னிக்கி மட்டும் வாடக வண்டி வெச்சிக்குங்களேன்,” என்றார் கபிரியேல் தம்பி.

“சம்மந்தி வூட்டுலயும் அதத்தான் சொல்றாங்க,” என்றார் சரோஜா அம்மா. “மலரு பள்ளிக்கூடம் போனது இதுல. காலேஜி போனது இதுல. கல்யாணம் பண்ணி அனுப்பனதும் இதுல. எனக்கும் இந்தப் படி வெச்ச வண்டியிலதாம்பா ஏற வரும். வேற வண்டின்னா ரெண்டு பேரு தூக்கி வுடணும்.”

தட்சிணாமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே, “எஃப்.சி. கெடைக்கலன்னா ஒடைக்கிறவங்கிட்ட வுட்றதுன்னு பேசியாச்சு. அவன் ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிட்டான். வாசல்ல நின்னு டயர ஒதச்சி ஒதச்சிப் பாக்கறான். எனக்குப் பாக்கவே புடிக்கல,” என்றார்.

அன்று முழுக்க வேலை. கபிரியேல் தம்பி புஷ் மாற்றினார், ஹேண்ட்பிரேக் கேபிள் புதிதாகப் போட்டார், எலி கடித்த ஒயரைச் சேர்த்தார். உள்பக்கம் என் வேலை. கடைசி சீட்டைத் தூக்கினேன். வேர்க்கடலைத் தோல், விபூதிப் பொட்டலம், ஹேர் கிளிப், ஒரு சின்ன ஸ்பூன். ஸ்பூனைத் துடைத்து சரோஜா அம்மாவிடம் நீட்டினேன்.

“அடிப்பாவி, இது மலரு டிபன் பாக்ஸ் ஸ்பூனு. தொலச்சிட்டு வந்தான்னு அன்னிக்கி அவள அடிச்சன்,” என்று சிரித்தார். முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

பின் சீட்டு பெல்ட்டுகள் அடியில் சுருட்டித் திணித்து இருந்தன. ஒன்று இன்னும் பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

“பெல்ட்டு இன்னா புதுசு மாதிரி இருக்குது?” என்றார் கபிரியேல் தம்பி.

“போட்டாதான பழசாவும்?” என்றார் தட்சிணாமூர்த்தி. “நாங்க பத்து பேரு போவோம். பெல்ட்டு ஏழு பேருக்குத்தான் இருக்குது. யாருக்குப் போடறது, யார வுடறது?”

4. மைதானத்தில்

மறுநாள் அவர்கள் இருவரோடு நாங்களும் டெஸ்ட் மைதானத்துக்குப் போனோம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எஃப்.சி.க்குப் போகும்போது கழுவுகிற ஆளும் கூடப் போவது வழக்கம். போகிற வழியில் மண் ஏறிவிடும். லைட், நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர் இருக்கிற இடம் எல்லாவற்றையும் அங்கேயே ஈரத்துணியால் துடைத்துக் கொடுக்க வேண்டும்.

சேசிஸ் நம்பர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டிகளில் வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், அடிச்சட்ட இரும்பில், எழுத்தும் எண்ணுமாகக் கொத்தியிருக்கும். நம்பர் பிளேட்டைக் கழற்றி மாட்டலாம். இதை மாற்ற முடியாது. இந்த வண்டி இந்த வண்டிதான் என்பதற்கு இதுதான் அடையாளம். அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் காகிதத்தில் விழும். அதைப் பென்சில் பிரிண்ட் என்போம்.

இன்ஸ்பெக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. முடியை இறுக்கி முடிந்து தொப்பி போட்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். ஹாரன் அடித்தது. வைப்பர் தனியாக ஓடியது. லைட் நேராக விழுந்தது. சரிவில் ஏற்றி ஹேண்ட்பிரேக் போடச் சொன்னார். வண்டி அசையாமல் நின்றது. தட்சிணாமூர்த்தி பானெட்டைத் தட்டிக் கொடுத்தார்.

“இன்னா பண்றீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. நின்னா பாருங்க, அதுக்கு.”

இன்ஸ்பெக்டர் அம்மா பின் சீட்டு பெல்ட்டை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். புகையும் அளவுக்குள் இருந்தது. “சேசிஸ் நம்பர் காட்டுங்க,” என்றார்.

நான் துணியோடு குனிந்தேன். அந்த இடம் முழுக்க நீலப் பெயின்ட். முந்தின நாளே நாங்கள் பார்த்ததுதான். துருப் பிடிக்காமல் இருக்கப் பெயின்ட் அடிப்பது சாதாரணம் என்பதால் ஒன்றும் நினைக்கவில்லை. வழக்கமாகப் பெயின்ட் மேலேயே நம்பரின் பள்ளம் தெரியும். துடைத்தேன். பள்ளம் இல்லை. விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. கபிரியேல் தம்பி வந்து தடவினார். அவர் முகம் மாறியது.

இன்ஸ்பெக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். குரல் கொஞ்சம் கெட்டியானது.

“இங்க எதுக்குப் பெயின்ட் அடிச்சீங்க?”

“மாட்டுப் பொங்கலுக்கும்மா,” என்றார் தட்சிணாமூர்த்தி.

“மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குத்தான அடிப்பாங்க?”

“மாடு இல்லம்மா. இதுதான் இருக்குது. கொம்பு கெடையாது, அதனால கால் பக்கம் அடிச்சி வுடுவன். சக்கரம், பின்னால இருக்குற இரும்பு. வருஷா வருஷம் ஒரு கலரு. மேல அடிக்கக் கூடாதுன்னு எங்கூட்டம்மா சொல்லிட்டாங்க.”

“மொத வருஷம் மேலயும் அடிச்சாரு,” என்றார் காருக்குள் இருந்து சரோஜா அம்மா.

இன்ஸ்பெக்டர் அம்மா திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது. திரும்பினபோது முகம் சாதாரணமாக இருந்தது.

“பெரியவரே, நீங்க சொல்றத நான் நம்பறன். ஆனா நம்பர் தெரியாம என்னால பாஸ் போட முடியாது. திருட்டு வண்டியிலதான் இந்த மாதிரி மூடி வெச்சிருப்பாங்க. பெயின்ட்ட எடுத்துட்டு வியாழக்கிழம வாங்க. கிரைண்டர் மட்டும் போட்டுடாதீங்க. ஒரு எழுத்து அழிஞ்சாலும் வண்டி அனாதைதான்.”

திரும்பி வில்லியனூர் வந்ததும் கபிரியேல் தம்பி மெதுவாகச் சொன்னார்: “பதினஞ்சு வருஷ வண்டி. ஆத்தோரம் ஓடன வண்டி. பெயின்ட்டுக்கு அடியில துரு நம்பரத் தின்னு வெச்சிருந்தா இன்னாண்ணே பண்றது?”

தட்சிணாமூர்த்தி வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்புக்குள் ஏற்றி நிறுத்தினார்.

5. பெயின்ட் எடுத்தது

கிரைண்டர் வைத்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தச் சக்கரம் பெயின்ட், நம்பர் என்று பிரித்துப் பார்க்காது. இதற்கு முன்னால் ஒரு லோடு வண்டியில் எங்கோ துருவை எடுக்கிறேன் என்று கிரைண்டர் போட்டு, நம்பரில் பாதியைத் தேய்த்துவிட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள். அந்த வண்டி கடைசியில் உடைக்கத்தான் போனது. கபிரியேல் தம்பி அதை மறக்கவில்லை. கிரைண்டரை எடுத்து ரூமுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

“பெயின்ட் ரிமூவர்தான். கையாலதான். அக்கா, உன்னாலதான் ஆவும். எனக்கு அவ்ளோ பொறும கெடையாது.”

புதன்கிழமை காலை ஜாக்கி போட்டு வலது முன் சக்கரத்தைக் கழற்றினார். நான் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கையில் ரப்பர் கையுறை. ரிமூவரைப் பிரஷால் பூசினால் கொஞ்ச நேரத்தில் மேல் பெயின்ட் அப்பளம் போல உப்பும். பழைய துணியால் வழித்து எடுக்க வேண்டும். மறுபடி பூச வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியால் சுரண்டக் கூடாது.

தரையில் உட்கார முடியாததால் சரோஜா அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தட்சிணாமூர்த்தி குந்துவார், எழுந்து வாசல் வரை போவார், மறுபடி வந்து குந்துவார்.

முதலில் நீலம் போனது. அடியில் பச்சை.

“போர்வெல் போட்டு தண்ணி வந்த வருஷம்,” என்றார் தட்சிணாமூர்த்தி.

பச்சைக்கு அடியில் ஆரஞ்சு. அது எந்த வருடம் என்பதில் இருவருக்கும் சண்டை வந்து தீரவில்லை. அதற்கு அடியில் ரோஸ்.

“இது எங்கேந்து வந்துச்சி?” என்றார் கபிரியேல் தம்பி.

“கடையில வேற கலரு இல்ல தம்பி.”

“பொய் சொல்றாரு,” என்றார் சரோஜா அம்மா. “மலரு கல்யாணத்துக்கு வூட்டுக்கு அடிச்சோம். அந்த மிச்சம். வூட்டுக்கும் வண்டிக்கும் ஒரே கலரு. சம்மந்திங்க பாத்துட்டு இன்னா நெனச்சாங்களோ.”

ரோஸுக்கு அடியில் நிறமே இல்லை. கெட்டியான மண் பட்டை மட்டும் இருந்தது. நான் துணியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“எங்கம்மா செத்த வருஷம்,” என்றார் தட்சிணாமூர்த்தி. “அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கெடையாது. அதான் மேல வெறும் மண்ணு. மறுவருஷம் மண்ணக்கூடத் துடைக்காம அதும்மேலயே அடிச்சிருக்கன் போல.”

மண் பட்டை தண்ணீரிலேயே கரைந்து வந்தது. நீலமும் பச்சையும் மாறி மாறி மூன்று பட்டை வந்தன, அப்புறம் மஞ்சள் வந்தது, அதற்கு அடியிலும் பச்சையும் நீலமுமாக மூன்று வந்தன. மஞ்சள் மலர் பிளஸ் டூ பாஸ் செய்த வருடம். அந்த வருடம் அவளே பிரஷ் பிடித்தாளாம். “அதான் வழிஞ்சி கெடக்குது,” என்றார் அப்பா. “நீங்க அடிச்சதுல மட்டும் வழியல?” என்றார் அம்மா.

கடைசியாகச் சிவப்பு தெரிந்தது.

“இதான் மொத வருஷம்,” என்றார் சரோஜா அம்மா. “பம்பருக்கும் கதவுக்கும் சேத்து அடிச்சிட்டு, எப்படி இருக்குதுன்னு கேட்டுனு வந்து நின்னாரு பாரு. தெருக்கூத்துல வேஷம் கட்டன மாதிரி நிக்குது வண்டி. கழுவித் தொடச்சி எடுக்கற வரைக்கும் நான் ஒல வெக்கல. நீ சொல்லு அஞ்சல, வண்டிக்கு யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?”

அந்த அம்மா காலையிலிருந்து என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். இதற்குத் தலையாட்டினால் மட்டும் போதாது என்று தோன்றியது.

“நல்லவேள, மூக்கணாங்கயிறு குத்தாம வுட்டாரு,” என்றேன்.

சரோஜா அம்மா நாற்காலி ஆடச் சிரித்தார். தட்சிணாமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்கிற பிட் குழிக்குள் வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்த கபிரியேல் தம்பி தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“யாரு அது? அஞ்சலக்காவா பேசிச்சி? எங்கிட்ட இத்தினி வருஷத்துல ஒரு வார்த்த பேசனது இல்லியே.”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. குனிந்து சிவப்பின் மேல் ரிமூவரைப் பூசினேன்.

சிவப்பு உப்பி வரும்வரை யாரும் சிரிக்கவில்லை. இதற்கு அடியில் இரும்புதான். துரு தின்றிருந்தால் இங்கேதான் தெரியும். கபிரியேல் தம்பி பிட்டிலிருந்து ஏறி வந்து செல்போன் லைட்டைப் பிடித்தார். நான் துணியை அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தேன்.

இரும்பு கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை. கம்பெனியில் கொத்தின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுத்துகள் வரிசையாக நின்றன. பள்ளங்களுக்குள் மட்டும் சிவப்பு அடைத்திருந்தது. ஈர்க்குச்சியைக் கிள்ளி, முனையில் பஞ்சு சுற்றி, ஒவ்வோர் எழுத்தாகத் தோண்டினேன்.

“படிக்கா,” என்றார் கபிரியேல் தம்பி.

நம்பர் பிளேட்டைத் துடைத்துத் துடைத்து எனக்கு இங்கிலீஷ் எழுத்தும் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் படித்தேன். தட்சிணாமூர்த்தி ஆர்.சி.யில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். கடைசி எண்ணில் பெயின்ட் கெட்டியாக அடைத்திருந்தது. மூன்று மாதிரியும் தெரிந்தது, எட்டு மாதிரியும் தெரிந்தது.

“இன்னாம்மா அது? சொல்லும்மா,” என்றார் அவர்.

இன்னொரு ஈர்க்குச்சி எடுத்தேன். இடது பக்கம் தோண்டினேன். பெயின்ட் ஒரு சின்ன உருண்டையாக வெளியே வந்தது. இரண்டு பக்கமும் வளைவு இருந்தது.

“எட்டு.”

“எட்டுதான்,” என்றார் அவர். ஆர்.சி.யை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

கபிரியேல் தம்பி காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தார். எல்லாம் விழுந்தது. “இத்தினி வருஷ வண்டியில நான் பாத்த பிரிண்ட்டுலயே இதான் சுத்தம்,” என்றார். “அண்ணே, எல்லா வண்டிக்கும் இந்த எடத்துல துரு புடிச்சிடும். நீ அடிச்ச பெயின்ட்டுதான் நம்பர மறச்சிச்சி. அதே பெயின்ட்டுதான் காப்பாத்தியும் வெச்சிருக்குது.”

சரோஜா அம்மா புருஷனைப் பார்த்தார். “ரொம்ப நெளிய வேணாம். தெரிஞ்சா செஞ்சீங்க?” என்றார்.

6. மறுபடியும் மைதானம்

வியாழக்கிழமை அதே இன்ஸ்பெக்டர் அம்மா. குனிந்து பார்த்தார். சுற்றிலும் பல நிறத்தில் பட்டை பட்டையாக ஓரம் விட்டிருந்தது. நடுவில் நம்பர். விரலால் அந்த ஓரத்தைத் தடவினார்.

“இது எல்லாம் பொங்கலா?”

“ஆமாம்மா. அந்த ரோஸு மட்டும் கல்யாணம்,” என்றார் தட்சிணாமூர்த்தி.

பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைத்துப் பார்த்தார். என்னிடம் திரும்பி, “நீங்களா எடுத்தீங்க?” என்றார். தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். டேப்லெட்டில் எதையோ அழுத்தினார்.

“பாஸ். போங்க.”

தட்சிணாமூர்த்தி இரண்டு கையையும் கூப்பிவிட்டார். “இனிமே சத்தியமா பெயின்ட் டப்பாவத் தொட மாட்டம்மா.”

“நம்பாதீங்கம்மா,” என்றார் உள்ளே இருந்து சரோஜா அம்மா.

“அடிங்க பெரியவரே,” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. “நம்பர் மேல மட்டும் அடிக்காதீங்க.”

சாயங்காலமே போனில் சான்று வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், திண்டிவனத்திலிருந்து ஊருக்குப் போகிற வழியில் மயிலை எங்கள் வாசலில் வந்து நின்றது. நடு சீட்டில் இரண்டு கை நிறைய வளையலோடு மலர் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போட்டிருந்தாள். வயிற்றுக்குக் கீழே இறக்கிச் சரியாகப் போட்டிருந்தாள். அவள் பக்கத்திலும் பின்னாலும் சொந்தக்காரர்கள் நான்கு பேர். அவர்களும் போட்டிருந்தார்கள்.

“மீதி மூணு பேரு?” என்றார் கபிரியேல் தம்பி.

“பஸ்ஸுல வர்றாங்க. கோவத்துல வர்றாங்க,” என்றார் தட்சிணாமூர்த்தி.

மலர் என் கையைப் பிடித்து இழுத்தாள். வளைகாப்புக்கு வந்த பெண்களுக்குப் போட்ட வளையலில் எனக்கென்று ஒரு ஜோடி எடுத்து வைத்திருந்தார்கள். கையுறைக்குள் ரிமூவர் இறங்கி என் விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் கையை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. மணிக்கட்டு வரை தள்ளிப் போட்டுவிட்டாள்.

7. பொங்கலுக்கு முன்னால்

இந்த வேலைக்கு வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். மேல் பளபளப்பைப் பார்த்து வண்டியை எடை போடாதீர்கள். ஹேண்ட்பிரேக்கை மேடு இல்லாத ஊரிலும் அடிக்கடி இழுத்துவிடச் சொல்லுங்கள். பின் சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் டெஸ்ட்டுக்கு அனுப்பாதீர்கள். எஃப்.சி.க்குப் போகும் முன்பே சேசிஸ் நம்பரைத் துடைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். மயிலைக்குப் பிறகு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதுதான் முதல் வேலை. அப்புறம், வண்டி கொண்டுவருகிறவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். “மயிலை” என்று அவர் சொன்ன அன்றைக்கே, மாட்டுக்குச் செய்கிறதையெல்லாம் இதற்கும் செய்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கார்த்திகையில் மலருக்குப் பெண் குழந்தை பிறந்தது. போகிக்கு முந்தின நாள் மயிலை வாட்டர் வாஷுக்கு வந்தது. இந்தத் தடவை குடும்பமே வந்திருந்தது. தட்சிணாமூர்த்தி கையில் பிரஷ். முகத்தில் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையனின் சிரிப்பு.

“நம்பரு எங்க இருக்குதுன்னு காட்டிடு அஞ்சல. அத வுட்டுட்டு அடிக்கறன்.”

நான் காட்டவில்லை. குனிந்து, நம்பர் மேல் கிரீஸ் தடவி, அதன்மேல் டேப் ஒட்டினேன். இப்போது எந்த வண்டிக்கும் அப்படித்தான் செய்கிறேன். கிரீஸ் துருவைத் தடுக்கும். டேப் பெயின்ட்டைத் தடுக்கும்.

“கலரு இன்னா வாங்கறதுன்னு வூட்டுல ஒரே சண்ட,” என்றார் சரோஜா அம்மா. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “அவரு செவப்புன்றாரு. மலரு மஞ்சளுன்றா. நீதான் எல்லாக் கலரையும் தொட்டுப் பாத்தவ. நீ சொல்லு, அதையே வாங்கறோம்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பக்கத்தில் கம்ப்ரசர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தலையாட்டிச் சொல்லிவிட முடியாத கேள்வி.

“ரோஸு,” என்றேன். கம்ப்ரசர் சத்தத்தையும் தாண்டி அது வாசல் வரைக்கும் கேட்டது. குழந்தை விழித்துக்கொண்டது.